'புண்பட்டிருக்கலாம்' என்னும் தொழில்நுட்பம்

இதழியல் மாணவன் என்ற முறையில் மக்கள் தொடர்புத் துறை மாநாடு ஒன்றில் கலந்துகொண்டேன். நிறுவனங்களின் நற்பெயரை எப்படிக் கட்டுவது, விரிசல் விட்டால் எப்படிப் பூசி மெழுகுவது என்பதே இரண்டு நாள் பேச்சும். பன்முகத்தன்மைக்கெனத் தனி அமர்வே இருந்தது. பாலினம் வந்தது, மொழி வந்தது, மாற்றுத்திறன் வந்தது. சாதி என்ற சொல் மட்டும் அரங்கில் நுழையவே இல்லை.

நெருக்கடி நேரத்தில் நிறுவனம் எப்படிப் பேச வேண்டும் என்பதற்கு ஒரு பேச்சாளர் காட்டிய எடுத்துக்காட்டு, 2023 ஜூனில் சுற்றுச்சூழல் நாளையொட்டி சொமேட்டோ வெளியிட்ட விளம்பரம். 'லகான்' (2001) படத்தில் தீண்டாமைக்கு ஆளாகும் 'கச்ரா' என்ற பாத்திரத்தில் நடித்தவரையே விளக்கு போன்ற பொருள்களாக ஆக்கி, இத்தனை கிலோ கச்ராவிலிருந்து செய்தது என்று காட்டினார்கள். இந்தியில் கச்ரா என்றால் குப்பை. எதிர்ப்பு கிளம்பியதும் நிறுவனம் படத்தை நீக்கியது. நோக்கம் நல்லதுதான், தெரியாமல் சிலரது உணர்வுகள் புண்பட்டிருக்கலாம் என்ற பொருளில் அறிக்கை விட்டது. வேகமான, சுருக்கமான, சிறந்த பதில் என்று பாராட்டினார் பேச்சாளர்.

எழுந்து கேட்டேன்: "வெளியாகும் முன் இதை எத்தனையோ பேர் பார்த்து ஒப்புதல் தந்திருப்பார்கள். வெளியாவதைத் தடுக்கும் அளவுக்கு ஒருவருக்குக்கூட ஏன் உறுத்தவில்லை?"

"நல்ல கேள்வி தம்பி. ஆனால் இது அரசியல் மேடை இல்லை" என்றார். கைதட்டல் அவருக்குத்தான்.

அந்த 'புண்பட்டிருக்கலாம்' என்பதில் உள்ள 'லாம்' சாதாரண விகுதி அல்ல. செய்தவரை மறைத்து, இழிவைப் பட்டவரின் மனநிலைப் பிரச்சினையாக மாற்றிவிடுகிறது. இதே வேலையை நம் செய்தித் தலைப்புகளும் செய்கின்றன. 'விஷவாயு தாக்கித் தொழிலாளி பலி' என்கிறார்கள். குற்றவாளி வாயுவாம்! பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரைச் சாக்கடைக்குள் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. இறக்கியவர் யார் என்பது அந்தத் தலைப்பில் இல்லை.

சொற்களை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? ஆக்ஸ்பாமும் நியூஸ்லாண்ட்ரியும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், செய்தி நிறுவனங்களின் 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்த்திக்கொண்ட சாதியினர் கையில் இருந்தன. பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ ஒருவர்கூட இல்லை. மக்கள் தொடர்பாளர் அறிக்கை அனுப்புவது இந்த மேசைகளுக்குத்தான். அனுப்புகிறவரும் பெறுகிறவரும் ஒரே உலகத்தவராக இருந்தால் எந்தச் சொல் யாருக்கு உறுத்தும்?

இது புதிதுமல்ல. 1920-இல் அண்ணல் அம்பேத்கர் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கியபோது, காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தை வெளியிட மறுத்தது திலகரின் 'கேசரி'. நம் முன்னோர் மறுப்பைக் கண்டு ஒதுங்கவில்லை, சொந்தமாக அச்சுக் கோத்தார்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' என்றே இதழுக்குப் பெயர் வைத்தார். வசையாக வீசப்பட்ட சொல்லைத் தலைப்பெழுத்தில் நிமிர்த்தி நிறுத்தினார். நற்பெயர் என்றால் என்ன என்பதை அந்த மாநாட்டைவிட இந்த ஒரு செயல் எனக்கு நன்றாகக் கற்றுத்தந்தது.

ஆகவே, இத்துறையைப் படிக்கும் நண்பர்களே, 'இது நமக்கான இடமில்லை' என்று திரும்பிவிடாதீர்கள். விளம்பரத்துக்கு ஒப்புதல் தரும் அறையில் 'இது கூடாது' என்று சொல்ல ஆள் வேண்டும். சாக்கடையில் ஒருவர் இறந்தால், ஒப்பந்ததாரரின் விளக்கத்தை எழுதிக்கொடுக்க ஆள் இருக்கிறது. இறந்தவரின் குடும்பத்துக்கும் துப்புரவுத் தொழிலாளர் சங்கத்துக்கும் அறிக்கை எழுத யார் இருக்கிறார்கள்? இந்தத் திறமையை அங்கே கொண்டுசெல்வோம். எழுதும்போது எழுவாயை விட்டுவிடாமல் எழுதுவோம்.