ராமானுஜன் விட்டுவிட்ட எண்

தோட்டத்தில் காலைப் பிரட்டுக்கு 48 பேர் வந்து நின்றால் கிராணிக்கு வேலை சுலபம். இரண்டு, மூன்று, நான்கு, ஆறு, எட்டு என எத்தனை கூட்டமாகப் பிரித்தாலும் ஆள் மிஞ்சாது. ஒருவர் வராமல் 47 ஆனால் எந்தப் பிரிவும் சமமாக வராது; 47 பகா எண். 48க்குக் காரணிகள் பத்து; அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் பத்து கிடையாது. இப்படித் தனக்குக் கீழுள்ள அத்தனை எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் மிஞ்சி நிற்கும் எண்களைப் பற்றித்தான் 1915இல் ராமானுஜன் நீண்ட கட்டுரை ஒன்றை லண்டன் கணிதக் கழக இதழில் வெளியிட்டார். அந்த ஆய்வுக்கே மறு ஆண்டு கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் வழங்கியது.

அக்கட்டுரையின் அட்டவணை 6,746,328,388,800 வரை போகிறது. நடுவில் ஒன்று மட்டும் விடுபட்டிருக்கிறது: 293,318,625,600. கடைசி எண்ணை 23ஆல் வகுத்தால் கிடைப்பது இதுவே! இதைப் பகா எண்களாக உடைத்தால் ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7, பிறகு 11, 13, 17, 19 ஒவ்வொன்று. ஒரு காரணியை உருவாக்க 2ஐ ஒரு முறைகூட எடுக்காமலும் விடலாம், ஆறு முறை வரையும் எடுக்கலாம். ஆக ஏழு வழி. 3க்கு ஐந்து, 5க்கும் 7க்கும் மும்மூன்று, மற்ற நான்குக்கும் இரண்டிரண்டு. எல்லாவற்றையும் பெருக்கினால் காரணிகளின் எண்ணிக்கை 5040. அந்த 5040ம் 48ஐப் போலவே தனக்குக் கீழுள்ள எண்களை மிஞ்சும் எண். அதற்குக் காரணிகள் 60.

மேதையின் விடுபடலைப் பிள்ளைகளிடம் சொன்னால் மதிப்புக் குறையாதா என்று கேட்பார்கள். குறையாது. விடுபட்டது அட்டவணையின் ஒரு வரி; கட்டுரையின் தேற்றங்கள் அப்படியே நிற்கின்றன. அந்த வரி இருந்திருக்க வேண்டும் என்று நமக்குத் தெரிவதே அவர் வகுத்த இலக்கணத்தால்தான். 1729 என்ற டாக்சி எண் கதையையும் அவர் வணங்கிய நாமகிரித் தாயாரையும் மட்டும் சொல்லி வளர்த்தால் பிள்ளை கைகூப்பும், கணக்குப் போடாது. கணினி நொடியில் சொல்லாதா என்பது அடுத்த கேள்வி. 5040 என்று சொல்லும். ஏன் 5040 என்பது, வழிகளைப் பெருக்கிப் பார்த்த பிள்ளைக்குத்தான் விளங்கும். அதற்குப் பகா எண்ணும் வாய்பாடும் போதும், தனி வகுப்பும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். தோட்டப்புறப் பிள்ளைக்கு இது எட்டாது என்று நினைப்பது அநியாயம்.

ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களே, 293,318,625,600 என்று பலகையில் எழுதி, இனி 2ஆல் வகுபடாது என்னும் வரை வகுக்கச் சொல்லுங்கள். 4,583,103,525 வரும். அங்கிருந்து பிள்ளைகளே தொடரட்டும்.