ரசீதில் என்ன எழுதுவது?

செம்மண்டலத்தில் வசூல் என்றால் எங்கள் மன்றத்துக்குக் கைவந்த கலை சார். ஆடிக் கூழா, பிள்ளையார் சதுர்த்தியா, கிரிக்கெட் டோர்னமென்டா... ரசீது புத்தகத்தைப் பார்த்ததும் பாதிப் பேர் பாத்ரூமுக்குள் போய்விடுவார்கள். மீதிப் பேர் கொடுத்துவிடுவார்கள்.

இந்த முறை வசூல், மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்காக. அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு அனுப்புவதாக ஏற்பாடு. முதல் வீட்டிலேயே நண்பன் சறுக்கினான். "லேடீஸுக்கு வருமே, அந்த வியாதிக்கு சார்..."

"எந்த வியாதி?"

நண்பன் செருப்பைப் பார்த்தான். நான் கோலத்தைப் பார்த்தேன். வீட்டுக்காரரே ஐம்பது ரூபாய் கொடுத்து எங்களைக் காப்பாற்றினார்.

மஞ்சக்குப்பத்து ஆபீஸ் நண்பர் ஒருவர், "80ஜி உண்டா?" என்றார். "நீங்க புது வரி முறைதானே சார்? அதுல நன்கொடைக்குச் சலுகை கிடையாதே" என்றேன். பி.காம். படித்த பாவம்! திறந்த பர்ஸ் மூடிக்கொண்டது.

அடையாறு மருத்துவமனையே வசூலில் முளைத்ததுதான். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நன்கொடை திரட்டி, 1954-ல் 12 படுக்கைகளோடு ஆரம்பித்தார். 1955-ல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-ல் கண்மூடும்வரை அங்கேயே இருந்தார்.

ஆராய்ச்சி என்றால் மைக்ராஸ்கோப் மட்டுமில்லை. சென்னையில் யாருக்கு எந்தப் புற்றுநோய் என்று 1982 முதல் அங்கே பதிவேடு எழுதுகிறார்கள். பெண்களுக்கு முன்பெல்லாம் கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்தான் அதிகம், இப்போது மார்பகம் முந்திவிட்டது என்று தெரிந்ததே இந்தக் கணக்கால்தான். பேரேடு எழுதிப் பழகியவனுக்கு இது பெருமையாக இருக்காதா?

எங்கள் பெரியம்மாவுக்கும் அந்த வார்த்தை வாயில் வரவில்லை. கட்டி வலிக்கவில்லை என்று எட்டு மாசம் மூடி வைத்தாள். அப்புறமும் பெரியப்பாவிடம், "நெஞ்சுல என்னமோ பண்ணுது" என்றுதான் சொன்னாள். அவர் பதறிப்போய்க் கூட்டிக்கொண்டு போய் ஈ.சி.ஜி. எடுத்தார்! நார்மல். வரும்போது லட்டு வேறு வாங்கி வந்தார்கள். இன்னும் ரெண்டு மாசம் போச்சு. பாண்டிச்சேரி ஜிப்மருக்குப் போனபோது அக்குள்வரை பரவியிருந்தது. ஆபரேஷன், கீமோ, கரன்ட்... பிழைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கும் போனோம். அஞ்சறைப் பெட்டியிலிருந்து இருநூறு ரூபாய் எடுத்து நீட்டினாள்.

"ரசீதுல என்னன்னுடா எழுதுவே?"

"புற்றுநோய் நிதின்னு, பெரியம்மா."

"முழுசா எழுது" என்றாள்.