கையெழுத்து யாருடையது?

2000 ஜூலை 30 இரவு, தாளவாடி அருகே உள்ள வீட்டிலிருந்து கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கும்பல் கடத்திப் போனது. கும்பலின் கோரிக்கையை ஒட்டி, சில வாரங்களில் மைசூர் தடா நீதிமன்றத்தில் ஒரு 321 மனு, அதாவது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 321-ஆம் பிரிவின்படி வழக்கைத் திரும்பப் பெறும் மனு, விழுந்தது. வீரப்பனுக்கு உதவியதாகச் சிறையிலிருந்த 51 பேர் மீதான தடா குற்றச்சாட்டுகளைக் கைவிட அரசு தரப்பு அனுமதி கேட்டது. நீதிமன்றமும் கொடுத்தது. எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர் அப்துல் கரீம். 1992-ல் அதே கும்பல் கொன்ற உதவி ஆய்வாளர் ஷகீல் அகமதுவின் தந்தை.

நவம்பர் 7-ல் உச்ச நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்து செய்தது. கர்நாடக, தமிழக அரசுகளுக்கு விழுந்த குட்டைத்தான் பத்திரிகைகள் பெரிதாகப் போட்டன. நமக்கு வேண்டியது அதே தீர்ப்பின் இன்னொரு பகுதி. முடிவு அரசுடையது, கையெழுத்து மட்டும் சிறப்பு அரசு வழக்கறிஞருடையது. கட்டைப் புரட்டி, பொதுநலனை எடைபோட்டு, தானே தெளிந்து அவர் மனு போட்டாரா? இல்லை என்றது தீர்ப்பு. அனுமதித்த நீதிபதியும் அதைக் கேட்டிருக்கவில்லை. (தீர்ப்புக்குப் பின் எட்டாம் நாள் ராஜ்குமார் காட்டிலிருந்து திரும்பிவிட்டார், அது வேறு கதை.)

நீதிமன்றமே குறுக்கே வராத இடத்தில் என்ன ஆகும்? அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், சிறுமிகளைப் பாலியல் சுரண்டலுக்கு உள்ளாக்கிய ஜெஃப்ரி எப்ஸ்டீனோடு 2007-ல் மத்திய அரசு வழக்கறிஞர்கள் போட்ட 'வழக்குத் தொடரமாட்டோம்' ஒப்பந்தத்துக்கு நீதிமன்ற அனுமதியே தேவைப்படவில்லை. பாதிக்கப்பட்ட சிறுமிகளுக்கும் சொல்லவில்லை. அது சட்டமீறல் என்று 2019-ல் நீதிபதி கென்னத் மர்ரா சொன்னார். குற்றச்சாட்டு பதிவாகும் முன் அந்த உரிமைக்காகத் தனி வழக்குப் போட முடியாது என்று 2021-ல் மேல்முறையீட்டு மன்றம் கதவைச் சாத்தியது. நடுவில், 2020-ல், நீதித்துறையின் நடத்தை ஆய்வுப் பிரிவு, ஒப்பந்தம் போட்ட அலுவலகத்தின் தலைவராக இருந்த அலெக்சாண்டர் அகோஸ்டா எடுத்தது மோசமான முடிவு, ஆனால் தொழில் ஒழுங்கு மீறல் அல்ல என்றது. இந்த முடிவு எனக்கு ஒப்பவில்லை. ஆனாலும் வழக்கறிஞரின் நடத்தையை உட்கார்ந்து பரிசீலித்து யாரோ எழுதி வைத்தார்கள்.

இங்கே அரசு வழக்கறிஞர்களான நம்மிடம் அப்படி ஒரு ஏடு உண்டா? 2021 ஆகஸ்டில், எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் மீதான வழக்கை உயர் நீதிமன்ற அனுமதியின்றித் திரும்பப் பெறக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் 321-இன் இடத்தில், புதிய நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 360-ஆம் பிரிவு வந்திருக்கிறது, பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல் அனுமதி இல்லை. இரண்டும் நல்லவை. ஆனால் இவை நீதிமன்றப் படி ஏறிய மனுவுக்குத்தான். படி ஏறாமலே முடிகிற வழக்குகள்தான் என் கவலை: பிரிவைக் குறைக்கச் சொல்லும் சட்டக் கருத்து, கெடு கடந்துபோன மேல்முறையீடு, வழக்கைக் காவல்துறை முடித்துக்கொண்டதைச் சொல்லும், ஆனால் தகவல் கொடுத்தவர் கைக்கு எட்டாத ஆர்.சி.எஸ். நோட்டீஸ். தகவல் கொடுத்தவருக்கு நோட்டீஸ் கட்டாயம் என்று பகவந்த் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1985-இலேயே சொல்லிவிட்டது.

360 மனு போடும் நண்பர்கள் கூடவே ஒரு பக்கக் குறிப்பு வைக்கலாம்: என்னென்ன ஆவணம் படித்தேன், அரசாணைக்கு அப்பால் எனக்குப் பட்ட காரணம் என்ன, பாதிக்கப்பட்டவர் என்ன சொன்னார். சட்டம் கேட்கவில்லைதான். ஆனால் குற்ற வழக்கு நடத்தல் இயக்ககம் நம் நடத்தையைப் பரிசீலிக்க நினைத்தால் கையில் ஏதாவது இருக்க வேண்டுமே.

திருவண்ணாமலையில் தீபம் நெருங்குகிறது. விசாரணை அதிகாரிகள் பந்தோபஸ்துக்குப் போய்விட்டால் சாட்சி வராத நாட்கள் சில கிடைக்கும். அதற்குள் உங்கள் பழைய 321, 360 மனுக்களில் இரண்டை, பெயர்களை அடித்துவிட்டு, அனுப்பிவையுங்கள். அடுத்த இதழில் சேர்ந்து படிப்போம். முதல் மனு என்னுடையது.