நலம் நாடி: தேர்வுக் கணக்கும் உடற்கணக்கும்

சென்ற திங்கள் இப்பகுதியில் முதியோரின் முழங்கால் வலியைப் பற்றி எழுதியிருந்தோம். அதனைப் படித்த அன்பர் ஒருவர், "வீட்டிலுள்ள பிள்ளைகளின் நோயை மறந்தீர்களே" என்று கடிந்து எழுதியிருந்தார். மறக்கவில்லை. ஆறு திங்களாக நம் உள்ளத்தில் கிடக்கும் செய்தி ஒன்று உண்டு. உரியவர்களின் இசைவு இப்போதுதான் கிடைத்தது. ஆகவே இன்று எழுதுகிறோம்.

பங்குனித் திங்களில் நம் சங்கக் கூட்டம் முடிந்து எல்லாரும் கலைந்த பின்னும் ஒரு தம்பதியர் படிப்பறையிலேயே அமர்ந்திருந்தனர். கணவர் பீனியாவில் இயந்திரக் கூடமொன்றில் முப்பதாண்டுகளாக உழைப்பவர். ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து பிழைப்பு நாடி வந்தவர். "ஐயா, ஒரு யோசனை கேட்க வேண்டும்" என்று அம்மையார்தாம் தொடங்கினார். அவர்களுடைய ஒரே மகள் சி. ஏ. படிக்கிறாள். வயது இருபத்தொன்று. இடைநிலைத் தேர்வின் முதற்பிரிவில் முதல் முறையிலேயே தேறிவிட்டாள். இரண்டாம் பிரிவு இருமுறை தவறிவிட்டது. இரண்டாம் முறை அவள் பெற்ற மதிப்பெண்கள் 44, 56, 43. கூட்டினால் 143.

இத்தேர்வின் முறையை அறியாதார்க்கு ஒரு சொல். ஒவ்வொரு தாளிலும் நூற்றுக்கு 40 பெறுதல் வேண்டும். அதனோடு, ஒரு பிரிவின் மூன்று தாள்களையும் சேர்த்து 300-க்கு 150 பெறுதல் வேண்டும். அப்பெண் எந்தத் தாளிலும் தோற்கவில்லை. ஆயினும் தேர்வில் தோற்றாள். ஏழு மதிப்பெண் குறைவு! வேறு படிப்புகளில் இது தேர்ச்சி. இங்கே மூன்று தாள்களையும் முதலிலிருந்து மீண்டும் எழுதவேண்டும். ஏதேனும் ஒரு தாளில் 60 வாங்கியிருந்தால் அத்தாளுக்கு விலக்குக் கிடைத்திருக்கும். அதுவும் இல்லை.

"மதிப்பெண் போகட்டும் ஐயா, பிள்ளை தேய்ந்துகொண்டே போகிறாள்" என்றார் தாயார். காலையில் எழுந்ததும் வயிற்றில் எரிச்சல், இரண்டாவது தோசையை உண்டால் வாந்தி, மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் பின் உறக்கமில்லை, படபடப்பு, கைப்பிடி கைப்பிடியாக முடி உதிர்தல், நான்கு திங்களில் ஆறு கிலோ எடை குறைவு. பிறகு தந்தையார் வெளியே தண்ணீர் அருந்தச் சென்ற வேளையில், மாதவிடாய் மூன்று திங்களாக வரவில்லை என்பதையும் தாழ்ந்த குரலில் சொன்னார்.

என்ன செய்தீர்கள் என்று உசாவினோம். முதலில் பித்தம் என்று சுக்குக் கஷாயம் கொடுத்தார்களாம். பிறகு கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டார்களாம். பிறகு மருந்துக் கடையில் வயிற்றெரிச்சலுக்கு மாத்திரை வாங்கி, இரண்டு திங்களாக நாள்தோறும் விழுங்கக் கொடுத்தார்களாம். மருத்துவரிடம் ஏன் போகவில்லை என்றதற்குத் தந்தையார் சொன்ன விடை நம்மை வருத்தியது: "வகுப்பு கெடுமென்று அவள்தான் வரமாட்டேன் என்கிறாள். மே மாதத் தேர்வுக்குப் பணமும் கட்டிவிட்டோம்."

அன்பர்களே, இந்தப் பெண் நடிக்கவில்லை, பயந்தாங்கொள்ளியும் அல்லள். வழியில் பாம்பைக் கண்டவனுக்கு நெஞ்சு அடிக்கிறது, வாய் உலர்கிறது, பசி பறந்துவிடுகிறது. அட்ரீனலின், கார்ட்டிசால் என்னும் சுரப்புகள் குருதியில் கலந்து, ஓடுவதற்கான ஆற்றலைத் தசைகளுக்குத் திருப்புகின்றன. செரிமானம் பின்னால் தள்ளப்படுகிறது. பாம்பு போய்விட்டால் சற்று நேரத்தில் உடல் தன் நிலைக்கு வந்துவிடும். தேர்வு அவ்வாறு போவதில்லை. எட்டுத் திங்கள் வாசற்படியிலேயே படுத்துக் கிடக்கும் பாம்பு அது. அத்தனை நாளும் இரைப்பை மெதுவாகக் காலியாகிறது, உறக்கம் உடைகிறது. உணவும் எடையும் குறைந்து மனமும் அஞ்சிக்கொண்டே இருந்தால், மூளையிலிருந்து கருவகத்திற்குச் செல்லும் கட்டளைகள் தளர்ந்து மாதவிடாய் நின்றுபோதலும் உண்டு. முடியின் கதையோ வேடிக்கையானது: அதிர்ச்சி நேர்ந்து இரண்டு மூன்று திங்கள் கழித்தே அது உதிரத் தொடங்கும். ஆகவே தேர்வெழுதி ஓய்ந்திருக்கும் நாளில் முடி கொட்டும். தாய்மார் தலைக்கு எண்ணெயை மாற்றிக்கொண்டிருப்பார்கள்!

கணக்கர்களின் உடலைக் கொண்டே இதனை ஆராய்ந்த வரலாறு ஒன்றுண்டு. அமெரிக்க நாட்டில் சான்பிரான்சிஸ்கோ நகர மருத்துவர்கள் பிரீட்மன், ரோசன்மன் ஆகிய இருவர், 1957-ஆம் ஆண்டின் முற்பாதி முழுவதும் வருமானவரிக் கணக்கர் 40 பேரளவில் தெரிந்துகொண்டு, அடிக்கடி குருதியெடுத்துச் சோதித்தனர். அந்நாட்டில் வரிக்கணக்குத் தாக்கல் செய்யும் கடைசி நாள் ஏப்ரல் 15. அந்நாள் நெருங்க நெருங்க அவர்கள் குருதியில் கொலஸ்டிரால் ஏறியது. குருதி உறையும் வேகமும் கூடியது. கெடு கடந்து வேலை தணிந்ததும் இரண்டும் இறங்கின. உணவும் உடற்பயிற்சியும் மாறியதால் நேர்ந்ததன்று என்று கண்டு 1958-இல் வெளியிட்டனர். பேனா பிடித்த கையும் கணக்குப் புத்தகமும் குருதியைக் கூட மாற்றும் என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டுமோ?

ஆனால் இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. எல்லாவற்றையும் மனக்கவலையின் தலையில் கட்டிவிடுதலும் தவறே. இரைப்பைப் புண் கவலையால் வருவது என்று மருத்துவ உலகமே நெடுங்காலம் நம்பியிருந்தது. ஆஸ்திரேலியாவின் ராபின் வாரன், பேரி மார்ஷல் என்னும் மருத்துவர்கள் 1980-களில் அதற்குப் பெரும்பாலும் ஒரு நுண்ணுயிரே காரணம் என்று காட்டினர்; 2005-இல் நோபல் பரிசும் பெற்றனர். மனக்கவலையென்று நாம் முடிவு கட்டுமுன் மருத்துவர் பார்க்கவேண்டும் என்பது இதனால் விளங்கும்.

நம் பெண்ணின் செய்தியிலும் அதுவே நேர்ந்தது. நாம் வற்புறுத்தியபின் மறுவாரம் மருத்துவரிடம் சென்றார்கள். குருதியில் ஹீமோகுளோபின் 9 கிராமே இருந்தது. பெண்களுக்கு 12-க்குக் குறையலாகாது. தைராய்டு சரியாக இருந்தது. ஆகப் படபடப்பிலும் களைப்பிலும் ஒரு பங்கு தேர்வுடையது, மறுபங்கு இரும்புச்சத்தின் குறைவு. பட்டினி கிடந்து காப்பியிலேயே பொழுதைக் கழித்த பெண்ணுக்கு வேறென்ன நேரும்? மருத்துவர் இரும்பு மாத்திரை கொடுத்து, அதனைக் காப்பி, தேநீரோடு விழுங்கலாகாது என்றார். அவை இரும்பை உடலில் சேரவிடா. எலுமிச்சைச் சாற்றோடு உட்கொண்டால் நன்கு சேரும்.

காப்பியைப் பற்றி நாம் எழுதினால் பெங்களூர் அன்பர்கள் சினம் கொள்வார்கள் என்பதை அறிவோம். நாமும் காலையில் டபராவை ஏந்தாமல் செய்தித்தாளைத் தொடுவதில்லை. ஆயினும் காப்பியிலுள்ள கஃபீன் பாதி கழிய ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். இரவு ஒன்பதுக்குக் குடித்த காப்பியில் பாதி, இரண்டு மணிக்கும் குருதியில் விழித்திருக்கும். பிள்ளையை மட்டும் உறங்கு என்றால் எப்படி உறங்குவாள்? வெறும் வயிற்றில் குடித்தால் எரிச்சலும் மிகும். நண்பகலுக்குப் பின் வேண்டாம் என்று மருத்துவர் சொன்னதைத் தாயார் தாமும் மேற்கொண்டார். வீட்டில் மாலையில் டிகாக்ஷன் இறக்குவதே நின்றது. அதுதான் கடினமாக இருந்தது என்று நம்மிடம் முறையிட்டார்!

உறக்கத்தைக் குறைத்துப் படித்தால் கூடுதலாகத் தேறலாம் என்னும் எண்ணம் நம் வீடுகளில் வேரோடியிருக்கிறது. 1924-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்னும் இருவர் ஒரு சோதனை நடத்தினர். பொருளற்ற அசைகளை மாணவர் இருவரை மனப்பாடம் செய்யச் சொல்லி, விழித்திருந்த பின்னும் உறங்கி எழுந்த பின்னும் கேட்டனர். உறங்கியபின் நினைவில் நின்றவையே மிகுதி. அதன்பின் நடந்த ஆய்வுகள் பலவும் உறக்கத்தில்தான் பாடம் மூளையில் ஊன்றுகிறது என்றே கூறுகின்றன. இரவு பன்னிரண்டு முதல் மூன்று வரை படித்ததைக் காலையில் நினைவு கூர்ந்து பார்க்குமாறு உங்கள் பிள்ளையிடம் சொல்லுங்கள், அவரே கண்டுகொள்வார்.

இனி அந்தத் தம்பதியர் கேட்க வந்த கேள்விக்கு வருவோம். மே மாதத் தேர்வை எழுதுவதா, விடுவதா?

தந்தையார் எழுதட்டும் என்றார். கட்டிய பணம், போகும் காலம், ஊரில் உள்ள தங்கையின் வினா. "என்னண்ணா, பாப்பா இன்னும் முடிக்கவில்லையா?" என்று ஒவ்வொரு திருமணத்திலும் கேட்கிறாராம். தாயார் வேண்டாம் என்றார். மகளோ எழுதாவிட்டால் தன்னை யாரும் மதிக்கமாட்டார்கள் என்று அழுதாள். நாம் மருத்துவரும் அல்லோம், கணக்கரும் அல்லோம். ஆயினும் நமக்குத் தெரிந்த ஒரு கணக்கைச் சொன்னோம். முன்பு இடைநிலைத் தேர்வு ஆண்டுக்கு இருமுறை; ஒரு முறை விட்டால் ஆறு திங்கள் காத்திருக்க வேண்டும். 2024-இல் அதனை ஜனவரி, மே, செப்டம்பர் என மும்முறையாக்கினர். ஆகவே மே மாதத்தை விட்டால் இழப்பு நான்கே திங்கள். முன்பு மூன்றாண்டாக இருந்த அலுவலகப் பயிற்சியும் 2023-இல் வந்த புதுத் திட்டத்தில் இரண்டாண்டாகக் குறைந்துவிட்டது. அந்த மிச்ச ஓராண்டில் நான்கு திங்களை உடலுக்குக் கொடுத்தால் என்ன?

இயந்திரக் கூடத்தில் உழைப்பவரல்லவா! "சூடேறிய மெஷினை ஓட்டினால் பேரிங் போய்விடும்" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். பிறகு பேசவில்லை.

அப்பெண்ணிடம் நாம் சொன்னது வேறு. சிவபோகம் அம்மையாரைத் தெரியுமா என்று கேட்டோம். தெரியவில்லை. இந்தியாவின் முதற் பெண் கணக்காயர், சென்னையைச் சேர்ந்த தமிழ்ப் பெண், 1907-இல் பிறந்தவர். விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டு ஓராண்டு சிறையிருந்தார்; கணக்கியல் பயிலும் எண்ணம் சிறையில்தான் பிறந்தது. 1933-இல் தேர்வில் தேறினார். ஆனால் சிறை சென்றவர் கணக்காயராகப் பதிவு செய்துகொள்ளலாகாது என்னும் விதி குறுக்கே நின்றது. அரசை எதிர்த்து முறையிட்டு வென்று, 1937-இல்தான் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். 1955 முதல் மூன்றாண்டு, பட்டயக் கணக்காளர் கழகத்தின் தென்மண்டலக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். தேறியபின் காத்திருந்த அந்த நான்காண்டைக் குறித்து இன்று அவரை இகழ்வார் யார்? பெண் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போகும்போது, "அவர் எத்தனை அட்டெம்ப்டில் பாஸ் செய்தார்?" என்று கேட்டாள். நமக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள். அன்று அவள் முகத்தில் சிரிப்பைக் கண்டது அப்போதுதான்.

உறவினர்க்கு நாம் கூறுவது ஒன்றே. தேர்வெழுதும் பிள்ளையிடம் தேர்வைப் பற்றிக் கேளாதீர்கள். தனிப்பயிற்சி நிலையத்தார் முதலிடம் பெற்றவரின் முகத்தைப் பேருந்து நிறுத்தங்களில் ஒட்டுகிறார்கள். அவர்தம் வாணிகம் அது. நம் வீட்டுக் கூடத்திலும் அப்படத்தை ஒட்டவேண்டுமா?

அலட்சியம் கூடாத நிலைகளும் உள. பிள்ளை உணவை அறவே விட்டாலும், அறையைவிட்டு வெளியே வராவிட்டாலும், "நான் இருந்து என்ன பயன்" என்பது போன்ற சொல்லை விளையாட்டாகச் சொன்னாலும், அந்நாளே துணை நாடுக. வாந்தியில் குருதி, கருத்த மலம், எடை மேலும் குறைதல் ஆகியவையும் காத்திருக்கத் தக்கவையல்ல. மனத்துக்கு மருந்து தேடுவது இழுக்கென்று நினைப்போர் நம்மில் இன்னும் இருக்கின்றனர். ஓசூர்ச் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனையை நாட்டின் பல மூலைகளிலிருந்தும் தேடி வருகிறார்கள். பேருந்தில் அதன் வாயிலைக் கடந்து போகும் நாம், அங்கு இறங்க நாணுகிறோம். நேரில் செல்லத் தயங்குவோர் 14416 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் பேசலாம். 2022 அக்டோபரில் அரசு தொடங்கிய டெலி மானஸ் பணி அது. கட்டணமில்லை, இரவும் பகலும் உண்டு, தமிழிலும் பேசலாம். நம் பெண் ஒருநாள் இரவு மூன்று மணி விழிப்பின்போது அந்த எண்ணுக்குப் பேசியிருக்கிறாள். என்ன பேசினாள் என்று பெற்றோர் கேட்கவில்லை. கேளாதிருந்ததை நாம் பாராட்டினோம்.

மே மாதத்தில் அவள் எழுதவில்லை. முதல் மூன்று வாரம் புத்தகத்தைத் தொடவே கூடாதென்று தாயார் அலமாரியைப் பூட்டிச் சாவியை அரிசிப் பானையில் போட்டுவைத்தார். (இரண்டாம் வாரமே அவள் கண்டுபிடித்துவிட்டாளாம்.) மாலையில் தந்தையும் மகளும் அல்சூர் ஏரிக்கரைக்குச் சென்று திருவள்ளுவர் சிலை வரை நடந்து திரும்பினர். ஆடியில் மாதவிடாய் வந்தது. எடையில் நான்கு கிலோ மீண்டது. எரிச்சல் முற்றும் போகவில்லை. மாதிரித் தேர்வு நாட்களில் இன்னும் தலைகாட்டுகிறது. அந்நாட்களில் இட்லியும் மோர்ச்சோறும் போதும் என்று வைத்துக்கொண்டார்கள். செப்டம்பரில் மூன்று தாள்களையும் எழுதினாள். இரண்டாவது தாளில் கடைசி வினாவுக்கு நேரம் போதவில்லையாம்.

முடிவு இன்னும் வரவில்லை. வரும் நாளன்று ஊருக்குத் தொலைபேசி செய்து சொல்லவேண்டாம் என்று மகள் கேட்டுக்கொண்டாளாம். "தங்கையிடம் மட்டும் எப்படிச் சொல்லாமல் இருப்பது, ஐயா?" என்று தந்தையார் நேற்று நம்மிடம் வந்து கவலையோடு கேட்டார்.