கோரமண்டல் மாணவனும் முதற் பருவமும்

செமஸ்டர் எனப்படும் முதல் அரையாண்டுப் பருவத்தை முடித்து வரும் மாணவனைப் பார்த்து, "என்ன கற்றாய்?" என்று கேட்டால், அவன் பாட நூல்களின் பெயர்களையே அடுக்குவான். ஆனால், அந்த ஆறு மாதங்களில் அவன் கற்றாக வேண்டிய தலையாய பாடங்கள் எந்தப் பாடத்திட்டத்திலும் அச்சாவதில்லை. அவற்றைச் சொல்லித் தருவாரும் இல்லை. சொல்லித் தராத பாடத்தில் தவறியவன், சில வேளை கல்லூரியை விட்டே நீங்கி விடுகிறான். இதுதான் வருந்தத்தக்கது. கோலார் தங்கவயலின் கோரமண்டல் பகுதியிலிருந்து பெங்களூருக்குப் படிக்க வரும் மாணவ மாணவியரை முன்வைத்து, இதுபற்றி என் கருத்தைக் கூற விரும்புகிறேன்.

கோரமண்டல் மாணவன் யார்? 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் தங்கவயலில் சுரங்கத் தொழிலைத் தொடங்கிய பின், வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்து குடியேறிய உழைப்பாளிகளின் வழித்தோன்றல் அவன். நூற்றிருபது ஆண்டுகளில் சற்றேறக்குறைய 800 டன் பொன்னைத் தந்த அச்சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டன. தாத்தா பூமிக்குள் இறங்கினார், பேரன் ரெயிலேறுகிறான். மாரிக்குப்பத்திலிருந்து புறப்பட்டு, கோரமண்டல், பங்காரப்பேட்டை வழியாகப் பெங்களூர் செல்லும் வண்டிகளில் கூலி வேலைக்குப் போவாரும் கல்லூரிக்குப் போவாரும் ஒருங்கே நெருக்கியடித்து நிற்கின்றனர். பல வீடுகளில் கல்லூரிப் படியேறும் முதல் ஆள் அந்த மாணவனே. ஆகவே அவன் தேறுவதும் தோற்பதும் அவன் ஒருவனைப் பற்றிய செய்தி மட்டும் அன்று. அடுத்து வரும் தம்பியும் தங்கையும் படிப்பார்களா என்பதும் அதைப் பொறுத்தே இருக்கிறது.

முதற் பருவம் கற்பிக்கும் முதற் பாடம் காலக் கணக்கு. பள்ளியில் ஓராண்டு முழுதும் கையில் இருந்தது. காலாண்டில் சறுக்கினால் முழுஆண்டில் நிமிரலாம். இங்கோ, உள்மதிப்பெண்ணுக்கான முதல் தேர்வு சில வாரங்களிலேயே வந்து நிற்கிறது. பருவத்துக்கு 90 வேலை நாட்கள் என்று கொள்வோம். போகவும் வரவும் நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் ரெயிலில் கழிந்தால், 360 மணி நேரம் தண்டவாளத்திலேயே போய்விடுகிறது! வருகைப் பதிவோ நூற்றுக்கு 75 வேண்டும் என்பது பல்கலைக்கழக விதி. வாரம் மூன்று முறை முதல் மணியில் நடக்கும் ஒரு பாடத்துக்குப் பருவத்தில் 45 வகுப்புகள் என்றால், பதினோரு வகுப்பு வரை தவறலாம்; பன்னிரண்டாவது தவறினால் தேர்வு எழுதும் உரிமைக்கே ஆபத்து. வண்டி காலதாமதமாவது மாணவன் குற்றமா? ஆயினும் தண்டனை அவனுக்கே வருகிறது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றனர் பெரியோர். நகரத்து மாணவன் அளக்காமல் செலவழிக்கும் நேரத்தைக் கோரமண்டல் மாணவன் முதல் வாரத்திலிருந்தே அளந்தாக வேண்டும்.

இரண்டாம் பாடம், வாய் திறந்து கேட்பது. விரிவுரை ஆங்கிலத்தில் ஓடுகிறது. விடை தெரிந்தும் மாணவன் வாளாவிருக்கிறான். ஐயம் எழுந்தாலும், பிறர் நகைப்பரோ என்று அடக்கிக் கொள்கிறான். ஆங்கிலம் அறிவை ஏற்றி வரும் வண்டியே தவிர, அறிவே ஆகிவிடாது. மேலும், கோரமண்டல் பிள்ளைகள் வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பள்ளியில் ஆங்கிலமும் பழகியவர்கள். மூன்று மொழிகளில் புழங்குவோர் ஒரு மொழியில் சற்றுத் தடுமாறுவதற்காக நாணுவானேன்? கேட்ட பாடத்தை அன்றிரவே தமிழில் நான்கு வரியாக எழுதிப் பார்த்து, பின்னர் அதனை ஆங்கிலத்தில் எழுதுங்கள். எழுத வராத இடமே விளங்காத இடம். மறுநாள் ஆசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே.

மூன்றாம் பாடம், ஊர்ப்பெயரை மறைக்காமை. "எந்த ஊர்?" என்று கேட்டால் "பெங்களூர்ப் பக்கம்" என்று மழுப்புவோர் நம்மிடையே உளர். மழுப்ப என்ன இருக்கிறது? 1902-லேயே சிவசமுத்திரத்து மின்சாரம் நெடுந்தொலைவு கடந்து தங்கவயலுக்கு வந்துவிட்டது. மின்பொறியியல் மாணவன் படிக்க வேண்டிய வரலாறு அது. 1965-இல் சாம்பியன் ரீப் சுரங்கத்தில், இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் தடம் காணப்பட்டது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும், ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும், டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் கூடிச் செய்த அந்த ஆய்வு, உலகில் அத்துகளை முதன்முதல் கண்ட ஆய்வுகளுள் ஒன்று. இலக்கிய மாணவனுக்கும் பங்குண்டு: அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் 1907-இல் தொடங்கிய இதழான 'தமிழன்', அவர் மறைந்த பின்னர் 1920-களில் தங்கவயலிலிருந்து அப்பாதுரையார் முயற்சியால் மீண்டும் வெளிவந்தது. சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளின் நடுவே அச்சேறிய தமிழ் அது! இப்படிப்பட்ட ஊரிலிருந்து வருபவன் தலை நிமிர்ந்தே வகுப்பில் அமரலாம்.

"இவற்றையெல்லாம் அவனவனே பட்டுத் தெளியட்டும்; கைப்பிடித்து நடத்தினால் கால் வலுவடையாது" என்பர் சிலர். அவர்கள் கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. படிக்க வேண்டியவன் அவனேதான். ஆனால் சுரங்க வாழ்வு நமக்குச் சொல்வது வேறு. பாறை வெடிப்பு எக்கணமும் நேரக்கூடிய ஆழத்தில், புதியவன் பழகியவனை ஒட்டி நின்றே தொழில் கற்றான். அதனால் அவன் கோழையாகிவிடவில்லை. உயிரோடு மேலே வந்து, மறுநாளும் இறங்கினான். துணை தருவது வேறு, சுமையைத் தானே சுமப்பது வேறு. கல்லூரியில் மட்டும் புதியவனைத் தனியே இறக்கிவிட்டு, விழுந்தபின் "திறமை இல்லை" என்று தீர்ப்புச் சொல்வது என்ன நியாயம்?

ஆகவே நம் தமிழ் மாணவர் சங்கம் மூன்று பணிகளை மேற்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. முதலாவது, முதற் பருவத்தின் முதல் ஆறு வாரங்களுக்கு, புதிய மாணவர் ஒவ்வொருவருக்கும் அதே பாடம் படிக்கும் மூத்த மாணவர் ஒருவரைத் துணையாக்குக. இரண்டாவது, பழைய வினாத்தாள்களையும், பாடநூல்களையும், கலைச்சொற்களுக்குத் தமிழ் விளக்கம் எழுதிய குறிப்பேடுகளையும் ஓர் அலமாரியில் திரட்டி வைக்குக. மூன்றாவது, ரெயிலில் வரும் மாணவர்களின் பெயர்ப் பட்டியலைத் தந்து, வண்டி தாமதமான நாட்களில் முதல் மணி வருகையைக் கனிவுடன் கருதுமாறு துறைத் தலைவர்களிடம் முறையாக விண்ணப்பிக்குக. இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை.

ஆண்டு விழாவும், பட்டிமன்றமும், நாடகமும் சங்கத்துக்கு அழகு; மறுப்பாரில்லை. ஆயினும் மேடையில் தமிழ் முழங்கும் அதே நாளில், தமிழ் மாணவன் ஒருவன் சொல்லாமல் கொள்ளாமல் படிப்பை விட்டு ஊர் திரும்புவானாயின், அந்த முழக்கத்தால் அவனுக்கு என்ன பயன்? இவ்வாண்டு சங்கத்தின் முதற் கூட்டத்தில் முதல் தீர்மானமாக இம்மூன்றையும் எடுத்துக் கொள்வோம்.