பேசாத லைனுக்குப் பெரிய பில்!

எங்க சித்தப்பா ஒரு நெட்வொர்க் இன்ஜினீயர். 2003-ல் அவர் வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஒரு கிளை ஆபீஸுக்கு வந்த டெலிபோன் பில்லைப் பார்த்து மேனேஜருக்கு வேர்த்துடுச்சாம். ராத்திரியெல்லாம் லைன் ஓடியிருக்கு. பழி யார் மேல? வாட்ச்மேன் மேல! ‘பெரியவரே, நைட்ல நெட் பார்க்கறீங்களா?’ன்னு விசாரணை. பாவம், அவருக்கு மவுஸைப் பிடிக்கக்கூடத் தெரியாது. வேலையே போயிருக்கும்.

நிஜக் குற்றவாளி, மூலையில் பச்சை லைட் போட்டுக்கிட்டு சாதுவா உட்கார்ந்திருந்த ரூட்டர்!

ஹெட் ஆபீஸுக்குப் போனது ஐ.எஸ்.டி.என். லைன். தேவைப்பட்டா தானே டயல் பண்ணும். 120 விநாடி சும்மா இருந்தா தானே கட் பண்ணும். ஓடுற நேரத்துக்கு மட்டும் காசு. இதுல யாரோ ‘ரிப்’ புரோட்டோகாலை ஓட விட்டிருக்காங்க. ரிப்போட குணம் என்ன? 30 விநாடிக்கு ஒருமுறை பக்கத்து ரூட்டர்கிட்ட தன் பாதைப் பட்டியலை ஒப்பிச்சே தீரும். அப்புறம் லைன் எப்படி சும்மா இருக்கும்?

கணக்குப் போடுங்க. ஒரு நாளைக்கு 2,880 தடவை. ஒரு ரிப் பாக்கெட் அதிகபட்சம் 504 பைட். 64 கிலோபிட் லைன்ல எல்லாத்தையும் சேர்த்தாலும் மூணு நிமிஷத்துக்குச் சொச்சம் பேச்சு. பில் மட்டும் 24 மணி நேரத்துக்கு!

‘ரிப்புக்காக லைனைப் பிடிச்சு வைக்காதே’ன்னு ரூட்டர்கிட்ட சொல்லிட்டா? லைன் கட்டாகும். ஆனா 180 விநாடி சத்தமே வரலைன்னா, ‘அந்தப் பாதை செத்துப் போச்சு’ன்னு ரிப் முடிவு கட்டிடும். பாதையே இல்லைன்னா டயல் எதுக்கு? பேசினா பில், பேசாட்டி பால்!

சித்தப்பா செஞ்சது சிம்பிள். கிளைக்கு இருக்கறதே ஒரே வழி. ரெண்டு முனையிலும் அந்த வழியை ஸ்டேட்டிக் ரூட்டா கையால எழுதிட்டு, அந்த லைன்ல ரிப்போட வாயைக் கட்டிட்டார். பில் இறங்குச்சு. வாட்ச்மேன் பிழைச்சார்.

நூறு கிளை இருந்தா கையால எழுதி மாளாதே? அதுக்குத்தான் 1995-ல் ஜான் மாய் எழுதிய ஆர்.எஃப்.சி. 1793. ஓ.எஸ்.பி.எஃப். வழக்கமா 10 விநாடிக்கு ஒரு ‘ஹலோ’ சொல்லும். இந்த முறையில ரெண்டு ரூட்டரும் முழு வரைபடத்தையும் ஒருமுறை பரிமாறிக்கும். அப்புறம் ஹலோவை நிறுத்திடும். வரைபடத்துக்கு வயசும் ஆகாது. ஏதாவது மாறினா மட்டும் டயல். அதாவது, சத்தம் இல்லைன்னா சௌக்கியம்னு அர்த்தம். ரிஸ்க்கும் அதேதான். எதிர்ப்பக்கம் நிஜமாவே படுத்துட்டா, டயல் பண்ற வரைக்கும் தெரியாது.

ஐ.எஸ்.டி.என். காலம் முடிஞ்சாச்சேன்னு இந்தப் பாடத்தை சாய்ஸ்ல விட்டுடாதீங்க. பேட்டரில ஓடுற சென்சாருக்கும் இதே தலைவலி. ‘நான் இருக்கேன்’னு சொல்ற ஒவ்வொரு தடவையும் பேட்டரி கரையும்.

கடைசியா ஹாஸ்டல்வாசிகளுக்கு... வீட்டுக்கு அப்பப்போ ஒரு ஹலோ சொல்லிடுங்க. சத்தம் இல்லைன்னா சௌக்கியம்ங்கறது அம்மாகிட்ட செல்லாது. அம்மா ரிப் ஜாதி!