பத்தாம் வகுப்பிலேயே கல்லூரிப் பேச்சு: எங்கள் நிலைப்பாடு

கல்லூரிக்கான வழிகாட்டல் பிளஸ் 2 தேர்வுக்குப் பிறகு தொடங்கினால் பாதி வழி ஏற்கெனவே அடைபட்டிருக்கும். பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு அது தொடங்க வேண்டும் என்பது, தருமபுரி மாவட்ட அரசுப் பள்ளிப் பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்த எங்கள் அமைப்பின் நிலைப்பாடு.

முதல் காரணம் பிளஸ் 1 குரூப். பொறியியல் தரவரிசை கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களை 200-க்குக் கணக்கிட்டுத்தான் போடப்படுகிறது. அந்தக் கணக்கே தெரியாமல், தோழி எடுத்தாள் என்பதற்காகக் குரூப் எடுக்கும் பிள்ளைகள் நிறையப் பேர். தலைமையாசிரியர் மேசை முன்னால் ஜூன் மாதத்தில் பத்து நிமிடத்தில் முடிகிற விஷயமா இது?

அடுத்தது, பலருக்குக் கசக்கும். பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளையைக் கடன்பட்டாவது தனியார் உறைவிடப் பள்ளியில் சேர்ப்பது நம் பக்கத்தில் ஒரு கௌரவம். ஆனால் மருத்துவத்துக்கு 2020-லும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கு 2021-லும் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. அதில் இடம் பெறுபவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. பிளஸ் 1-இல் தனியாருக்குப் போனால் அந்த உரிமை போயிற்று. பெண் பிள்ளைக்குப் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் கூடவே போகும். டி.சி. கேட்டு வரும் பெற்றோரை உட்காரவைத்து இதைச் சொன்ன பிறகே தலைமையாசிரியர் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு மேலும் போகிறவர்கள் போகட்டும், அது அவர்கள் விருப்பம்.

பிளஸ் 1 பொதுத்தேர்வு 2025-26 முதல் இல்லை. பிள்ளைகளின் சுமை குறைந்ததை வரவேற்கிறோம். அதற்காகப் பிளஸ் 1 பாடத்தைத் தள்ளிவிட்டு நேராகப் பிளஸ் 2 புத்தகத்தைப் பிரிக்கும் பழைய வழக்கம் திரும்பக்கூடாது. நீட், ஜே.இ.இ. கேள்விகள் இரண்டு வருடப் பாடத்திலிருந்தும் வருகின்றன.

சான்றிதழ் விஷயம் சின்னதாகத் தெரியும். சித்தேரி மலையிலிருந்து வரும் மலையாளிப் பழங்குடிக் குடும்பம், சாதிச் சான்றுக்கு அரூர் கோட்டாட்சியர் அலுவலகம் வரை இறங்கி வர வேண்டும். அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தால் யார் அலைவது? ஒன்பதாம் வகுப்பிலேயே பள்ளி வளாகத்தில் முகாம் போட்டு, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்றுக்கான தாள்களைச் சரிபார்க்க வேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்தைக் கேட்கிறோம்.

நான் முதல்வன் திட்டத்தில் பிளஸ் 2 மாணவர்களைக் கல்லூரிகளுக்குக் கூட்டிப் போகிறார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும் செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரியையும் தருமபுரி அரசு கலைக் கல்லூரியையும் ஒருமுறை உள்ளே போய்ப் பார்க்கட்டும். பெண் பிள்ளைகளோடு அம்மாக்களும் வரட்டும். பிளஸ் 2 முடிந்த கோடையில் கல்யாணப் பேச்சு எழும் வீடுகளில், கல்லூரியை நேரில் பார்த்த அம்மாவின் குரலுக்குத் தனி பலம் உண்டு.

வரும் ஜனவரியில் ஒவ்வொரு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் எங்கள் உறுப்பினர்கள் இவற்றைத் தீர்மானமாக முன்வைப்பார்கள்.